கொக்கி மாதிரி ஒரு குழாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் பொருத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவள்தான் பிற்பாடு அவளுக்கு நாத்தனார் ஆனாள். அப்போது மைக்ராஸ்கோப் அறைக்குப் பொறுப்பான மூத்தவள், அவ்வளவுதான்.

சுண்டெலியின் மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை அந்த அறையில் படம் பிடிப்பார்கள். குழாய்களில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, மூளையை வாரக்கணக்கில் திரவங்களில் ஊற வைத்தால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் வழியே மெல்லிய ஒளியைச் செலுத்தினால் முடியை விட மெலிந்த குழாய்கூடத் தெரியும். ஆனால் படம் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. புதர் மண்டிய காடு மாதிரி இருக்கும். எந்தக் குழாய் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கென்று ஓர் அட்லஸ் உண்டு. இது பார்வைக்கு, இது நினைவுக்கு, இது கைகால் அசைவுக்கு என்று எல்லை போட்ட மூளை வரைபடம். அது எத்தனையோ மூளைகளின் சராசரி என்பதால் நிஜ மூளை ஒன்றுகூட அந்த அளவில் இருக்காது. ஒன்று திரவத்தில் ஊறி உப்பியிருக்கும், ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். அட்லஸை இழுத்து, வளைத்து, ஒவ்வொரு மூளையின் மேலும் பிசகாமல் உட்கார வைப்பதுதான் இவள் வேலை.

“கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். நீ எலிக்கும் பார்க்கிறியே,” என்றாள் மூத்தவள், இவள் சேர்ந்த முதல் வாரத்தில். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. படம் எடுப்பவளுக்கும் பொருத்துபவளுக்கும் பல இடங்களில் எலியும் பூனையுமாக இருக்கும். படம் சரியில்லை என்று இவர்கள் சொல்ல, பொருத்தத் தெரியவில்லை என்று அவர்கள் சொல்ல, அதிலேயே வருஷம் ஓடும். இங்கே அப்படி இல்லை. மூத்தவள் எடுத்த படத்தில் குறை என்று இவள் சொன்னால், ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் அந்த அறையின் இருட்டில் மைக்ராஸ்கோப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, தன் தம்பிக்கு இவளைக் கேட்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பெரிய படிப்பில்லை, ஆனால் தங்கமான பிள்ளை, பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் என்றாள். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போன பிறகு தானே வளர்த்த பிள்ளை என்பதால் உத்தரவாதமும் தானே தருவதாகச் சிரித்தாள்.

கல்யாணம் ஆயிற்று. நாத்தனார் தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே கட்டடத்தில் நாலாவது மாடியில் அவள், மூன்றாவதில் இவர்கள். பெண் குழந்தை பிறந்த பிறகு வீடு எது யாருடையது என்றே தெரியாமல் போயிற்று. குட்டியின் பாதி உடுப்பு மேலே இருந்தது. பள்ளியிலிருந்து கூட்டி வருவது அத்தை. சாப்பிட அடம் பிடித்தால் மசிய வைப்பதும் அத்தை. பொருத்தம்மா நாத்தனாரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள். புருஷனை நீ, வா, போ என்றாள். ஆய்வுக்கூடத்தில் யாராவது நாத்தனார் கொடுமை பற்றிப் புலம்பினால், கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். தனக்கு மட்டும் இப்படி வாய்த்துவிட்டதே என்று.

அந்த வருஷம் அவர்கள் செய்துகொண்டிருந்தது வயோதிகம் பற்றிய ஆராய்ச்சி. வயதாக ஆக மூளையின் எந்தப் பகுதியில் முதலில் ரத்தக் குழாய்கள் அருகிப் போகின்றன என்று பார்க்க வேண்டும். இளம் எலிகள் ஆறு, கிழ எலிகள் ஆறு. கிழ எலி கடையில் கிடைப்பதில்லை. இரண்டு வருஷம் வைத்து வளர்க்க வேண்டும். வளர்த்து, படம் எடுத்து, அட்லஸைப் பொருத்தி, எண்ணிப் பார்த்தபோது நினைவுக்கான பகுதியின் ஓரத்தில் விடை துலக்கமாக வந்தது. பேராசிரியர் சாதாரணமாக மெச்சுகிற ஆள் இல்லை. அவரே எழுந்து வந்து பொருத்தம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கட்டுரையில் யார் பெயரை முதலில் போடுவது என்ற பேச்சு வந்தபோது, நாத்தனார் பிடிவாதமாக இவள் பெயரைச் சொன்னாள். முதல் பெயர் யாருடையதோ அவரைத்தான் அந்த வேலைக்குச் சொந்தக்காரர் என்று உலகம் சொல்லும். கேள்வி வந்தாலும் அவரைத்தான் கேட்கும். பேராசிரியர் யோசித்தார். நாத்தனார் விடவில்லை. அதைப் பற்றி அடுத்த மாநாட்டில் மேடையேறிப் பேசுவதும் இவளாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்து வைத்தாள். பொருத்தம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம், உன் அக்கா மாதிரி ஒருத்தி இந்த உலகத்தில் உண்டா என்று கேட்டாள். அவன் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டே இருந்தான்.

அவனைப் பற்றியும் அவளுக்கு அந்த நாட்களில் ஒரு சந்தோஷம் இருந்தது. முன்பெல்லாம் அவள் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், “எலிக்கு இருக்கிற மூளைகூட எனக்கு இல்லேன்னுதானே சொல்ல வர்றே,” என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிவிடுவான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனாகவே கேட்க ஆரம்பித்திருந்தான். சாப்பிட்டு முடித்த தட்டு காயும்வரை உட்கார்ந்து கேட்பான். ஒரு மூளை மாதிரி இன்னொன்று இருக்குமா? தப்பித் தவறி ஒரே படத்தை இரண்டு முறை கொடுத்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா? அவள் ஓர் ஆரஞ்சை உரித்து, தோலை மேஜைமேல் பரப்பிச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய குழாய்கள் எல்லா மூளையிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் ஓடும், சின்னவை ஆளுக்கு ஆள் கைரேகை மாதிரி வேறுபடும் என்றாள். அளவும் வெளிச்சமும் அப்படியே ஒத்திருந்தால் கம்ப்யூட்டர் உடனே பிடித்துவிடும். கொஞ்சம் மாறியிருந்தால் வேறு மூளை என்று எடுத்துக்கொள்ளும். இடது வலது மாறியிருந்தால்? அதை யார் பார்க்கிறார்கள், இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரிதான், ஆனால் சின்னக் குழாய்கள் வேறு வேறு என்றாள். அவன் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வேலையை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை என்று அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

கட்டுரை போக வேண்டிய வாரம், பத்திரிகையின் அட்டைக்கு ஒரு படம் தயார் செய்யச் சொன்னார் பேராசிரியர். கிழ எலிகள் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரே மூளையாகக் காட்டலாம் என்று பொருத்தம்மா நினைத்தாள். இன்னும் அடர்த்தியாக வரட்டும் என்று, வலது பாதிகளைப் புரட்டி இடது பாதிகளின் மேல் போட்டாள். இப்படிச் செய்தால் பெரிய குழாய்கள் பளிச்சென்று தெரியும். சின்னவை ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் கலங்கி, பனி மூட்டம் மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. ஆனால் மூட்டத்துக்கு நடுவே கொக்கி மாதிரி வளைந்த ஒரு பொடிக் குழாய் மட்டும் கலங்காமல் நின்றது.

அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று தெரிந்தது, இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிற குழாய். அதற்குக் கீழே இன்னொன்று.

தான்தான் ஒரே ஃபைலை இரண்டு முறை போட்டுவிட்டோமோ என்று ஃபைல்களைத் திறந்தாள். பார்த்தாள். இல்லை. எலிகளின் எண்கள் வேறு, படம் எடுத்த வாரம் வேறு, ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரியது, வெளிச்சமும் மங்கல். ஒவ்வொன்றாகத் தேடி அந்தக் கொக்கி எந்த இரண்டு மூளைகளில் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஒன்றில் இடது பக்கம். இன்னொன்றில் வலது பக்கம். ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து, ஒன்றைப் புரட்டி மேலே வைத்தாள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் மஞ்சளாகத் தெரியும். திரை முழுக்க மஞ்சள். வேர் முதல் நுனி வரை, பொடிக் குழாய்கள் அத்தனையும்.

இன்னொரு ஜோடியும் அப்படியே இருந்தது.

மத்தியானம் கணினியைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனாள். ஏதோ கைத்தவறு, நல்லவேளை கட்டுரை போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் கொஞ்சம் உற்சாகமாகவேகூடப் போனாள். நாத்தனார் படத்தை நெடுநேரம் பார்த்தாள். இது பொருத்துகிற ப்ரோக்ராம் செய்கிற வேலை என்றாள். அட்லஸுக்கு ஒத்து வர வேண்டும் என்று அளவுக்கு மீறி இழுத்து வளைத்து, வேறு வேறு குழாய்களை ஒரே மாதிரி ஆக்கிவிட்டிருக்கும், கொஞ்சம் தளர்த்திப் பார் என்று சொல்லி, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

பொருத்தம்மா அதை நம்பினாள். தன் தப்பு என்றால் திருத்திவிடலாம். மேஜைக்குத் திரும்பி, அக்காவைச் சந்தேகப்படுகிற மாதிரி போய் நின்றுவிட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே ப்ரோக்ராமைத் தளர்த்தினாள். மஞ்சள் போகவில்லை. அப்போதுதான், அட்லஸின் கையே படாத மூலப் படங்களைத் திறந்து பார்த்தாள். மைக்ராஸ்கோப் அறையிலிருந்து வந்தது வந்தபடி இருக்கிற படங்கள். ஒன்றில், பின் மூளைக்குப் பக்கத்தில், திரவத்தில் சிக்கிக்கொண்ட ஒரு காற்றுக் குமிழி இருந்தது. அவரை விதை மாதிரி, ஒரு நுனியில் நசுங்கி. மற்றதிலும் அதே குமிழி, அதே நசுங்கல், எதிர்ப் பக்கத்தில்.

குழாயை ப்ரோக்ராம் இழுத்தது என்று சொல்லலாம். காற்றுக் குமிழியை எது இழுத்தது?

மறுபடி போனபோது நாத்தனார் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பொருத்தம்மா ‘குமிழி’ என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். நாத்தனார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, வராந்தாவின் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திரவம் கெட்டுப் போய், கிழ எலிகளின் மூளைகளில் இரண்டு கூழாகக் கரைந்துவிட்டன. வேறு கிழ எலிகள் இல்லை. இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. முந்தின வருஷமும் அவள் கையில் ஒரு தொகுதி கெட்டுப் போயிருந்தது. இன்னொரு முறை என்றால் அறையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதனால் இருக்கிற நாலில் இரண்டை எடுத்து, புரட்டி, நீட்டி, மங்கலாக்கி, கரைந்தவற்றின் எண்களில் போட்டுவிட்டாள். மீதிப் பத்தும் அதே விடையைத்தானே சொல்கின்றன, யாருக்கு என்ன நஷ்டம் என்றாள். மாநாடு முடியும்வரை பொறுத்துக்கொள், பிறகு நானே ஏதாவது வழி பண்ணுகிறேன் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொருத்தம்மா யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள். பஸ்ஸில் அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பாரம் பாதியாகும்.

அவன் துவைத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தான். குட்டி கூடத்தில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பொருத்தம்மா கதவைச் சாத்திவிட்டு, அக்கா கொடுத்த படங்களில் ஒரே மூளை இரண்டு தடவை இருக்கிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவன் மடிப்பதை நிறுத்தினான். “கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டாலும் தெரியுமா?” என்றான்.

அவளுக்கு முதலில் அந்தக் கேள்வி சாதாரணமாகத்தான் பட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

“நான் திருப்பிப் போட்டதுன்னு சொல்லவே இல்லையே.”

அவன் குட்டியின் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பொத்தானைப் போட்டான், கழற்றினான்.

“உனக்கு எப்போ தெரியும்?”

மழைக்காலத்திலேயே தெரியும் என்றான். அக்கா ஒருநாள் மேலே கூப்பிட்டு அழுதாள், அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. உன்கிட்ட சொன்னால் நீ நேராகப் பேராசிரியரிடம் போய் நிற்பாய் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டாம் என்றாள். எதையெல்லாம் உன் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்று மட்டும் மெதுவாகக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அதில் உனக்கு ஒரு கெடுதலும் வராது என்று சத்தியம் செய்தாள்.

பொருத்தம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார்ந்து கேட்ட மாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆரஞ்சுத் தோலைப் பரப்பி வைத்துக்கொண்டு தான் சிரித்துச் சிரித்துச் சொன்னது வந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் மாடிப்படி ஏறிப் போயிருக்கிறது. அளவு மாறியிருந்தால் தெரியாது என்றாள், அளவு மாறிற்று. இடது வலது யார் பார்க்கிறார்கள் என்றாள், இடது வலதாயிற்று. அவளை ஏமாற்றுவது எப்படி என்று அவளே பாடம் எடுத்திருக்கிறாள். இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட அவன் காது சிவக்கவில்லை.

“என் வேலை மேல ஆசைப்பட்டுத்தான் கேட்கறேன்னு நெனச்சேன்,” என்றாள்.

“கொஞ்சம் ஆசையும் இருந்துச்சு,” என்றான் அவன். அது நிஜமாகவும் இருக்கலாம். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்த பிறகு, காலையில் போய்ச் சாரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவன் வேண்டாம் என்றான். அக்கா இல்லாவிட்டால் நான் தெருவில் நின்றிருப்பேன் என்றான். அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க மேலே போய்ப் படுத்துக்கோங்க,” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத ‘நீங்க’ அன்றைக்கு வந்தது. அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான் போல. தலையணையை எடுத்துக்கொண்டு படியேறினான்.

மறுநாள் காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது பேராசிரியரின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, உள்ளே வரச் சொன்னார். நாத்தனார் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் அன்பாகத்தான் பேசினார். பொருத்தும்போது ஃபைல்கள் குழம்பிப்போவது யாருக்கும் நடக்கக்கூடியது, இதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார். குடும்பத்து ஆள் என்பதால் சொல்லத் தயங்கித் தயங்கி உன் நாத்தனாரே வந்து சொல்லிவிட்டார், இனி நாம் மூன்று பேருமாகச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம் என்றார். பொருத்தம்மாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது நாத்தனாரைப் பார்த்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வரப்போகிறேன் என்று பொருத்தம்மா சொன்னது ஒரே ஓர் ஆளிடம். அவன் அதையும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான்.

குமிழியைப் பற்றிச் சொன்னாள். மூலப் படங்களைத் தன் ப்ரோக்ராம் தொடுவதே இல்லை என்றாள். பேராசிரியர் நெற்றியைத் தேய்த்தார். பொதுக் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்தில் யார் கை வேண்டுமானாலும் பட்டிருக்கலாமே என்றார். யார் என்று அவர் கேட்கவில்லை. மூத்தவள் இருபது வருஷமாக அங்கே இருக்கிறாள்.

“சார், அந்த ரெண்டு மூளையும் குப்பியில இருக்கணும்,” என்றாள் பொருத்தம்மா. “மறுபடி ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துடலாம்.”

படம் எடுத்த மூளைகளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. எண் ஒட்டிய கண்ணாடிக் குப்பிகளில், வெளிச்சம் படாத அலமாரியில் வைத்திருப்பார்கள். பேராசிரியர் நாத்தனார் பக்கம் திரும்பி, எடுத்துக்கொண்டு வாருங்களேன் என்றார். அவள் எழுந்தாள். கதவுவரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

“அது ரெண்டும் இல்ல சார். கரைஞ்சு போச்சு.”

“எப்போ?”

“படம் எடுக்கறதுக்கு முன்னாடியே.”

பேராசிரியர் மேஜைமேல் இருந்த கட்டுரையை மூடி வைத்தார். பிறகு இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார்.

வராந்தாவில், முந்தின நாள் நின்ற அதே சுவருக்குப் பக்கத்தில், பொருத்தம்மா கேட்டாள்: “எம்மேல போட்டுட்டீங்களே அக்கா?”

“நீ சின்னவ,” என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை, கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. “விழுந்தாலும் எழுந்துடுவே. என் வயசுல விழுந்தா விழுந்ததுதான்.”

“அதுக்காகத்தான் என் பேரை முதல்ல போட்டீங்களா?”

அவள் வேகமாக இல்லை என்று தலையாட்டினாள். நிஜமாகவே பிரியத்தில் போட்டேன், உன் பிள்ளை மேல் ஆணையாக என்றாள். தன் பிள்ளையை அதில் இழுக்க வேண்டாம் என்று பொருத்தம்மா சொன்னாள். அதுதான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததும் எளிதாக இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று பத்திரிகைக்கும் மாநாட்டுக்கும் ஒரு வரி எழுதிவிட்டு, கட்டுரையை அனுப்பாமலே இருந்துவிடலாம் என்றார் பேராசிரியர். முதல் பெயர் இவளுடையது, பொருத்தியது இவள். கோளாறு என்றால் எல்லோரும் இவளைத்தான் பார்ப்பார்கள். அவள் மறுத்தாள். அவர் இடத்தின் நற்பெயரைப் பற்றிப் பேசினார், எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். கடைசியில், இரண்டு படங்கள் உண்மையானவை அல்ல என்று, யார் பெயரும் சொல்லாமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அவளைப் பார்த்தால் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு மூளைகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோது, விடை இருந்தது, ஆனால் அடித்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. மீதிப் பத்தும் அதையேதான் சொல்கின்றன என்று நாத்தனார் சொன்னதும் சரியில்லை. அவளும் சரிபார்த்துச் சொன்னவள் இல்லை. புதிதாக எலிகளை வளர்க்கத் தொடங்கினார்கள். அவற்றுக்கு வயதாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நாத்தனார் ராஜினாமா கொடுத்துவிட்டு, வேறு ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை தேடிக்கொண்டாள். சாமான்களை அவன்தான் இறக்கி வேனில் ஏற்றினான். குட்டி வேனுக்குப் பக்கத்தில் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றதை பொருத்தம்மா மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தாள். கூப்பிடவில்லை. அந்தப் பிரியத்தில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் அதிகமாக வலித்தது.

வேன் போன பிறகு அவன் மேலே வந்து, அக்காவைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே என்றான். சண்டை போடுகிற மாதிரி சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தான். பொருத்தம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் எதற்காக அந்த வார்த்தையைத் தன்னிடம் சொல்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். திருப்பிச் சொல்ல அவளிடமும் அதே வார்த்தைதான் இருந்தது. சொல்லவில்லை. நாலாவது மாடி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு அவன் அங்கேயே தங்கினான். காலையில் வந்து குட்டியைப் பள்ளிக்குக் கூட்டிப் போவான், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் கொடுப்பான். திரும்பி வரட்டுமா என்று இரண்டொரு முறை கேட்டான். இப்போது வேண்டாம் என்றாள். எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

மாநாட்டுக்கு அவள் போகத்தான் செய்தாள். பேராசிரியர் வரவில்லை. ஆறுக்குப் பதில் நாலு கிழ எலிகளின் படங்களைக் காட்டி, மீதி இரண்டு ஏன் இல்லை என்பதையும் சொன்னாள். கொக்கியைக் காட்டினாள். பச்சை, சிவப்பு, மஞ்சள் காட்டினாள். பிறகு ஒருவர் எழுந்து, வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பில் இது ஏன் அகப்படவில்லை என்று கேட்டார். நல்ல கேள்விதான். எங்கள் சரிபார்ப்பில் எதெல்லாம் அகப்படாது என்பது முன்கூட்டியே தெரிந்த ஒருவர் செய்தது என்றாள். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. நான்தான் சொன்னேன் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கி வந்ததும் இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள். இன்னும் சிலர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. குட்டியைப் பார்த்துக்கொள்ள அவன் கீழே வந்து தங்கியிருந்தான்.

“எப்படிப் போச்சு?” என்று கேட்டான்.

“போச்சு.”

“என்ன கேட்டாங்க?”

அவன் அந்தப் பக்கம் காத்திருப்பது கேட்டது. சமையலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும், பின்னால் குட்டி தனக்குத் தானே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருப்பதும் கேட்டன. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டிருப்பான். ஒருவேளை அதை அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லவும் கேட்டிருப்பான். இனிமேல் அவன் எது கேட்டாலும் அவளுக்கு இரண்டும் சேர்ந்துதான் காதில் விழும்.

“போனைக் குட்டிகிட்ட குடுங்க,” என்றாள்.